படம் தியேட்டர்ல... ஹீரோ ஜெயில்ல! பாகவதரை முடக்கிய கொலை வழக்கு

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கம் இருந்து பஸ் பிடித்து, திருவொற்றியூர், ராயபுரம் தாண்டி பிராட்வேக்கு எத்தனையோ முறை போயிருப்பீங்க. அந்த பிராட்வேயில் அதே பெயரில் ஒரு தியேட்டர் இருந்தது. 1944 தீபாவளிக்கு அங்கே ரிலீஸான 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளிகளைப் பார்த்தது. அதில் பெரும்பாலான நாள்கள் படத்தின் ஹீரோ எம்.கே.தியாகராஜ பாகவதர் ஜெயிலில் இருந்தார்!

இன்ஸ்டாவும் ஃபேன் பேஜும் இல்லாத காலத்து சூப்பர் ஸ்டார் அவர். 1910-ல் மாயவரத்தில் பிறந்து, திருச்சியில் வளர்ந்தவர். பொற்கொல்லர் குடும்பம். நாடக மேடையில் பாடிப் பெயர் வாங்கி, 1934-ல் 'பவளக்கொடி' மூலம் சினிமாவுக்கு வந்தார். 'சிந்தாமணி', 'அம்பிகாபதி', 'சிவகவி' என்று வரிசையாக ஹிட். தோளில் புரளும் அவர் முடியைப் பார்த்து ஊரே 'பாகவதர் கிராப்' வைத்துக்கொண்டது.

'ஹரிதாஸ்' வந்து மூன்று வாரம்தான் கடந்திருந்தது. நவம்பர் 8 அன்று வேப்பேரி பக்கம் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தனைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் அவர் இறந்துபோனார். யார் இவர்? 'சினிமா தூது', அப்புறம் 'இந்து நேசன்' என்ற பத்திரிகைகளில் நடிகர், நடிகைகள், பணக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதிப் பிழைத்தவர். எழுதாமல் இருப்பதற்கும் காசு வாங்கினார் என்பார்கள். அவர்மேல் கோபம் உள்ளவர்களை எண்ணினால் அன்றைய மெட்ராஸின் பாதிப் பெரிய மனுஷர்கள் லிஸ்ட்டில் வருவார்கள்.

டிசம்பர் கடைசியில் பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். கொலைக்குச் சதி செய்தார்கள் என்பது போலீஸ் தரப்பு. பட முதலாளி ஸ்ரீராமுலு நாயுடுவும் சிக்கினார், விசாரணையில் விடுதலையானார். மற்ற இருவருக்கும் 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. அப்போது ஜூரி முறை இருந்தது. ஒன்பது பேரில் ஆறு பேர் குற்றவாளி என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். ஏகமனதான முடிவு இல்லை, கவனிங்க.

ஹைகோர்ட் அப்பீலும் கைகொடுக்கவில்லை. அடுத்த கதவு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். கடல் தாண்டி வக்கீல் வைக்க எத்தனை பேரால் முடியும்? இவர்களிடம் வசதி இருந்தது. அதே தண்டனை ஒரு ரிக்‌ஷாக்காரருக்குக் கிடைத்திருந்தால், ஃபைல் அதோடு மூடப்பட்டிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிரிவி கவுன்சில் வழக்கை மறுபடி விசாரிக்கச் சொன்னது. ஹைகோர்ட், சாட்சியங்கள் நிற்கவில்லை என்று 1947 ஏப்ரலில் இருவரையும் விடுவித்தது.

வெளியே வந்த என்.எஸ்.கே. மறுபடி சிரிக்க வைத்தார். 'மணமகள்', 'பணம்' என்று படங்களும் இயக்கினார். பாகவதருக்கு அது அமையவில்லை. கைதானபோது கையில் இருந்த ஒரு டஜன் படங்கள் அப்போதே போய்விட்டன. 1948-ல் வந்த 'ராஜமுக்தி' ஓடவில்லை. சொந்தமாகத் தயாரித்தும் பார்த்தார், பழைய கூட்டம் திரும்பவில்லை. நாடகத் தமிழும் பாட்டுமழையும் போய், வசனம் பேசும் ஹீரோக்கள் வந்துவிட்டார்கள். அதனால் சரிவுக்கு ஜெயில் மட்டுமே காரணம் என்று சொல்ல நான் தயாரில்லை. ஆனால் உச்சத்தில் இருந்த ஒருவரின் ஏறக்குறைய இருபத்தெட்டு மாதங்களை யார் திருப்பித் தருவார்கள்?

சர்க்கரை நோயோடு போராடி, 1959 நவம்பர் 1-ல் காலமானார். வயது 49. இறந்தது சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் லட்சுமிகாந்தன் உயிர் பிரிந்த அதே ஆஸ்பத்திரி.

பாகவதர் பாட்டை இன்னிக்கும் யூடியூபில் கேட்கலாம். லட்சுமிகாந்தனுக்கு அப்படி எதுவும் இல்லை. அவர் நல்லவரா என்பது வேற விஷயம், குத்தப்பட்டது ஒரு மனுஷன். குத்தச் சொன்னது யார்? இன்றுவரை பதில் இல்லை.