உணவு காத்த பெருந்தகை

உணவுப்பொருளை விளைவித்தல் ஓர் அறம்; விளைந்ததனைக் கெட்டழியாமற் காத்தல் மற்றோர் அறம். இவ்விரண்டாம் அறத்திற்கே தம் வாழ்நாளை ஈந்தவர் நிக்கோலா அப்பேர் என்னும் பெரியார்.

இவர் பிரெஞ்சு நாட்டுச் சாலோன் நகரில், விடுதி நடத்தியவர் ஒருவரின் மகனாக 1749-ஆம் ஆண்டு பிறந்தார். பின்னர்ப் பாரிசு மாநகரில் இனிப்புப் பண்டக் கடை வைத்து வாழ்ந்தார். அந்நாளில் நெடுங்கடல் செல்வோர் உப்பிட்ட இறைச்சியையும் உலர்ந்த பயற்றையுமே பெரிதும் நம்பியிருந்தனர். உப்பும் வெயிலும் உணவைக் காத்தன. ஆயினும் அதன் இயற்கைச் சுவையை மாற்றின. சுவை மாறாமற் காக்கும் வழியை அப்பேர் பல்லாண்டு ஆராய்ந்தார். பட்டாணி, அவரை முதலியவற்றைக் கண்ணாடிப் புட்டிகளில் இட்டு, தக்கையால் இறுக மூடி, கொதிநீரில் நெடுநேரம் வைத்தார். பல திங்கள் கழித்துத் திறந்தபோதும் அவை கெடாதிருந்தன.

1810-ஆம் ஆண்டில் அரசினர் அவருக்கு 12,000 பிராங்கு பரிசளிக்க முன்வந்தனர். அம்முறையை உலகறிய வெளியிடுதல் வேண்டும் என்பதே அவர்கள் விதித்த கட்டுப்பாடு. மறைத்து வைத்துப் பொருள் குவிக்க அவர் விரும்பினாரல்லர். நூலாக எழுதி வெளியிட்டார். அதனைக் கற்றுப் பிறர் செல்வராயினர். அவரோ 1814-ஆம் ஆண்டுப் போரில் மாசி என்னும் ஊரிலிருந்த தம் தொழிற்சாலையை இழந்தார். 1841-இல் வறுமையில் மறைந்தார்.

நுண்ணுயிர்களே உணவைக் கெடுப்பன என்பதையும், வெப்பத்தால் அவை மடியும் என்பதையும் லூயி பாஸ்டர் பின்னாளில் விளக்கினார். காரணம் அறியப்படுமுன்னரே பயனைக் கண்டு, அதனைப் பிறர்க்கு ஈந்தவர் அப்பேர். அவர் செல்வம் அழிந்தது. ஈந்த அறிவு அழியவில்லை.