கடனுக்கும் கணக்கு வகுத்த பிரம்மகுப்தர்

கணக்கு வகுப்பில் குறை எண்கள் தொடங்கியதும் நம்மில் பலருக்குக் கலக்கம் வந்துவிடுகிறது. ஒன்றுமில்லாததைவிடக் குறைவாக ஓர் எண் எப்படி இருக்க முடியும்? குறையைக் குறையால் பெருக்கினால் மிகை எப்படி வரும்? ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு விதி வகுத்த பேரறிஞர் ஒருவரின் வரலாற்றை நாம் அறிந்துகொள்வது நலம். அவர்தாம் பிரம்மகுப்தர்.

கி.பி. 598-இல் பிறந்த அவருடைய தந்தையார் பெயர் ஜிஷ்ணு. இன்று இராஜஸ்தானில் உள்ள பீன்மால் என்னும் ஊர் அந்நாளில் பில்லமாலம் எனப்பட்டது. அவ்வூரின் பெயராலேயே அவரைப் பில்லமால ஆசிரியர் என்றும் அழைத்தனர். 628-இல், தம் 30-ஆம் வயதில், பிரம்மஸ்புட சித்தாந்தம் என்னும் வானநூலை வடமொழிச் செய்யுளில் இயற்றினார். கோள்களின் நிலையையும் கிரகணங்களையும் கணிக்கும் அந்நூலின் 18-ஆம் அத்தியாயத்தில் நமக்கு வேண்டிய விதிகள் உள்ளன.

அவருக்கு முன்பே சீனர்கள் குறை எண்களைக் கையாண்டதுண்டு. பிரம்மகுப்தரோ மிகை, குறை, சுழி ஆகிய மூன்றையும் ஒருங்கே எடுத்துக்கொண்டு, கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகியவற்றுக்கு விதிகளை முறையாக எழுதிவைத்தார். மிகை எண்ணுக்குத் தனம் என்றும், குறை எண்ணுக்கு ருணம், அதாவது கடன் என்றும் பெயரிட்டார். அந்தப் பெயரிலேயே பொருள் விளங்கிவிடுகிறது அல்லவா?

பற்றும் வரவும் நம் செட்டிநாட்டுக்குப் புதியவை அல்ல. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் தொழில் நடத்திய நகரத்தார் பேரேட்டில் அன்றாடம் எழுதியவை அவை. நம் கையில் 20 ரூபாய் இருந்து, கடன் 30 ரூபாய் இருந்தால், நம் நிலை குறை 10. மூன்று தோழியரிடம் தலைக்கு 5 ரூபாய் கடன் பட்டிருக்கிறோம் என்று கொள்வோம். மூவரும் அதை வேண்டாம் என்று விட்டுவிட்டால் நமக்கு 15 ரூபாய் லாபம். நீக்குதல் ஒரு குறை. நீக்கப்படும் கடன் மற்றொரு குறை. ஆகவே குறை 3-ஐக் குறை 5-ஆல் பெருக்க, மிகை 15 வருகிறது.

இவ்வளவு தெளிந்த அறிஞரும் ஓரிடத்தில் தவறினார். சுழியைச் சுழியால் வகுத்தால் சுழியே வரும் என்று எழுதிவிட்டார். அவ்வாறு வகுப்பதற்கு விடை கிடையாது என்பது இன்றைய கணிதம். எனினும் அத்தவறு அவர் புகழைக் குறைக்கவில்லை. 665-இல், தம் 67-ஆம் வயதிலும், கண்டகாத்யகம் என்னும் மற்றொரு வானநூலைத் தந்தார். 8-ஆம் நூற்றாண்டில் அவருடைய கணித முறைகள் பாக்தாத் சென்று அரபு மொழியில் பரவின. அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், 18-ஆம் நூற்றாண்டில்கூட, இங்கிலாந்துக் கணித அறிஞர் சிலர் குறை எண்களை ஏற்க மறுத்தனர்.

அன்புத் தோழியரே! பெரிய அறிஞர்களே மலைத்து நின்ற இடத்தில் நாம் சற்றுத் தடுமாறுவதில் வெட்கம் இல்லை. குறியை மட்டும் மனப்பாடம் செய்யாமல், கடனையும் வரவையும் நினைத்துப் பார்ப்போம். விடைத்தாளில் சிவப்பு மை கண்டாலும் மனம் தளராமல் மறுபடி போட்டுப் பார்ப்போம். இறைவன் நமக்கு அளித்த அறிவுக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் அதுவே.