காந்தத்தின் மறதியை அளந்தவர்

மலர்க் குழுவினர் பழைய நினைவுகளை எழுதித் தரச் சொன்னார்கள். விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுத என்னைவிடக் கெட்டிக்காரர்கள் நம்ம செட்டில் நிறையப் பேர். எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவன் என்ற முறையில் நான் லூயி நீல் பற்றிச் சொல்கிறேன். பாடப்புத்தகத்தில் 'நீல் வெப்பநிலை' என்று ஒரே வரியில் தாண்டிப் போனோமே, அந்த நீல்தான்.

1904 நவம்பர் 22-இல் பிரான்சின் லியோன் நகரில் பிறந்தார். பாரிசில் படித்துவிட்டு ஸ்ட்ராஸ்பூர்க் போய், காந்தவியலில் அன்றைக்குப் பெரிய பெயரான பியர் வைஸிடம் சேர்ந்தார். 1932-இல் டாக்டர் பட்டம். பிறகு அங்கேயே பேராசிரியர்.

அமைதியாகப் போயிருக்க வேண்டிய வாழ்க்கை. 1939-இல் போர் வந்தது. ஜெர்மானியர் கடலில் காந்தக் கண்ணிகளைப் போட்டார்கள். மேலே இரும்புக் கப்பல் போனால் போதும், அதன் காந்தத்தை உணர்ந்து கண்ணி வெடிக்கும். பூமியின் காந்தத்தால் கப்பலில் உண்டாகும் காந்தத்துக்கு நேர் எதிராக இன்னொரு காந்தத்தைக் கப்பலிலேயே ஏற்றிக் கழித்துவிடும் வழியை நீல் பிரெஞ்சுக் கடற்படைக்கு வகுத்துக் கொடுத்தார். கரும்பலகைக் கணக்கு மாலுமிகளின் உயிரைக் காத்தது. 1940-இல் பிரான்சு வீழ்ந்ததும் ஸ்ட்ராஸ்பூர்க் கைவிட்டுப் போனது. கிரெனோபிள் நகரத்துக்கு வந்து சேர்ந்தவர், அந்த ஊரையே காந்த ஆய்வின் தலைநகரமாக ஆக்கிவிட்டார்.

1948-இல் ஃபெரைட்டுகளின் புதிரை அவிழ்த்தார். காந்தக்கல் என்கிறோமே, மேக்னடைட், அதில் இரும்பு அயனிகள் இரண்டு அணியாக எதிரெதிரே நிற்கின்றன. இரண்டும் சமமாக இருந்தால் காந்தமே மிஞ்சாது. ஒரு அணி பலசாலி. அந்த மிச்சம்தான் நாம் காணும் காந்தம். கயிறு இழுக்கும் போட்டி மாதிரி! இதற்கு அவர் வைத்த பெயர் ஃபெர்ரிகாந்தம். 1970 நோபல் பரிசில் பாதி, இதையும் இதற்கு முன் செய்த எதிர்ஃபெர்ரோகாந்த ஆய்வையும் சேர்த்துத்தான். மறுபாதி ஸ்வீடனின் ஆல்ஃபேனுக்கு.

ஆனால் என் மனசுக்குப் பிடித்தது 1949-இல் வந்த வேலை. சுட்ட மண்ணைப் பற்றியது! சூளையில் வெந்த செங்கல் ஆறும்போது, அன்றைய பூமிக் காந்தத்தின் திசையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நூற்றாண்டுகள் ஆனாலும் விடுவதில்லை. எமில் தெல்லியே இதைச் சோதனையில் காட்டியிருந்தார். ஏன் என்பதை நீல் கணக்குப் போட்டார். மண்ணுக்குள் இருக்கும் இரும்பு ஆக்சைடுத் துகளின் காந்தம் திசை மாறாதபடி ஒரு தடுப்பு இருக்கிறது. துகளின் கன அளவு கூடினால் தடுப்பும் கூடும். வெப்பம் அதை ஓயாமல் உலுக்குகிறது. எது ஜெயிக்கும் என்பதுதான் சங்கதி.

கணக்கைப் பாருங்கள். தடுப்பு வெப்ப ஆற்றலைப் போல 5 மடங்கு இருந்தால், துகள் தன் திசையை மறக்க வினாடியின் கோடியில் ஒன்றரைப் பங்கு நேரம் போதும். விட்டத்தை இரண்டு மடங்காக்குங்கள். கன அளவு 8 மடங்கு, தடுப்பு 40. இப்போது மறக்க ஏழு வருஷத்துக்கு மேல் ஆகும்! நானோமீட்டர் கணக்கில் ஒரு சின்ன வித்தியாசம், எவ்வளவு பெரிய மாற்றம்.

நாம் இளையராஜா கேட்ட கேசட்டில் இருந்தது நினைவு வைத்துக்கொள்ளும் இரும்பு ஆக்சைடு. மருத்துவத்துக்கு வேண்டியதோ மறக்கிற துகள். வெளிக் காந்தத்தை எடுத்ததும் அது காந்தத்தை இழப்பதால், ஒன்றோடொன்று ஒட்டித் திரளாது. எம்.ஆர்.ஐ. படத்தைத் தெளிவாக்க இப்படிப்பட்ட துகளுக்கு 1996-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த மருந்து பின்னர் விற்பனையிலிருந்து போய்விட்டது. மாறுகாந்தப் புலத்தில் துகளைச் சூடேற்றி மூளைப் புற்றைத் தாக்கும் முறைக்கு 2010-இல் ஐரோப்பா அனுமதி தந்தது. 2020-இல் கொரோனா பரிசோதனைக்கு ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கவும் பல ஆய்வுக்கூடங்களில் காந்த மணிகள்தான் உழைத்தன. செங்கல்லுக்குப் போட்ட கணக்கு இவ்வளவு தூரம் வரும் என்று யார் கண்டது?

2000 நவம்பர் 17-இல் நீல் மறைந்தார். 96-ஆவது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் பாக்கி.

இப்போது நம் துறையில் பிராஜெக்ட் செய்யும் பிள்ளைகளுக்கு ஒன்று. இரும்பு உப்புகளில் அம்மோனியா விட்டு நீங்கள் எடுக்கும் கறுப்புத் தூளின் காந்த வரைபடத்தில் வளையமே இல்லாமல் கோடு சுழி வழியாகப் போனால், மாதிரி கெட்டுப்போச்சு என்று கொட்டிவிடாதீர்கள். திரவ நைட்ரஜனில் குளிர்வித்து மறுபடி அளந்து பாருங்கள். துகள் ரொம்பவும் சின்னதாக இல்லையென்றால் வளையம் திறக்கும்.