இருவேறு இயல்புடைய மருந்து

புனே நகரின் கட்கியில் 1869ஆம் ஆண்டு முதல் வெடிபொருள் தொழிற்சாலை இயங்கி வருகிறது. தமிழ்நாட்டின் நீலகிரி மலையில் உள்ள அருவங்காட்டிலும் கார்டைட் என்னும் வெடிமருந்து செய்யும் ஆலை உண்டு. கார்டைட்டில் சேரும் பொருள்களுள் ஒன்று நைட்ரோகிளிசரின். இதய நோயாளர் நெஞ்சு வலிக்கும்போது நாவின் அடியில் வைக்கும் மாத்திரையிலும் அப்பொருளே சேர்க்கப்படுகிறது. மாத்திரையில் அதன் அளவு மிகச் சிறிது. வேறு பொருள்களுடன் கலந்திருப்பதால் வெடிப்பதில்லை. இப்பொருளோடு தம் வாழ்நாளைப் பிணைத்துக்கொண்டவர் ஆல்பிரட் நோபல்.

நோபல் 1833ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் பிறந்தார். 1842இல் அவர் குடும்பம், தந்தை தொழில் செய்துவந்த ரஷ்யாவில் குடியேறியது. தாய்மொழியோடு ரஷ்யம், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மொழிகளையும் 17 வயதிற்குள் அவர் கற்றுத் தேர்ந்தார்.

இத்தாலிய அறிஞர் சொப்ரேரோ கண்டறிந்த நைட்ரோகிளிசரின், சிறு அதிர்ச்சியிலும் வெடிக்கும் இயல்பினது. அதனை அடக்கியாள நோபல் முயன்றார். 1864இல் அவரது ஆய்வுக்கூடம் வெடித்துச் சிதறியது; தம்பி எமில் உள்ளிட்ட பலர் மாண்டனர். துயரத்தில் ஆழ்ந்தும் நோபல் தம் முயற்சியைக் கைவிடவில்லை. நுண்துளைகள் கொண்ட ஒருவகை மண்ணில் அந்நீர்மத்தை ஊறவைத்து, 1867இல் டைனமைட்டை உருவாக்கினார்.

1879இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் மரல், நைட்ரோகிளிசரின் நெஞ்சுவலியைத் தணிப்பதை எடுத்துக்காட்டினார். முதுமையில் நோபலும் இதய நோயால் வருந்தினார். மருத்துவர் அவருக்குப் பரிந்துரைத்ததும் அதே நைட்ரோகிளிசரின்தான்! இது விதியின் விந்தை என அவர் நண்பருக்கு எழுதினார். மனிதகுலத்திற்கு நன்மை செய்வோர்க்குப் பரிசளிக்கத் தம் செல்வத்தை உயில்வழி ஒதுக்கிய அவர், 1896ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் இத்தாலியில் காலமானார்.

அம்மருந்து செயற்படும் முறையை அக்காலத்தவர் அறிந்திலர். அதிலிருந்து உடலினுள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வளிமம் பிறக்கிறது. அது இரத்தக் குழாய்களைத் தளர்த்தி விரிக்கிறது. இதயத்தின் சுமை குறைந்து வலி தணிகிறது. நம் இரத்தக் குழாய்களின் உட்சுவரும் இவ்வளிமத்தை இயல்பாகவே சுரக்கிறது. இவ்வுண்மைகளை வெளிக்கொணர்ந்த பர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவரும் 1998இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்றனர். நோபல் உட்கொள்ளுமாறு பணிக்கப்பட்ட மருந்தின் மறைபொருள், அவர் மறைந்து நூறாண்டுகளுக்குப் பின் அவர் பெயராலேயே சிறப்பிக்கப்பட்டது.