அடுப்படிக்கும் அச்சகத்துக்கும் நடுவே வை.மு.கோதைநாயகி அம்மாள்

1966-இல் வெளிவந்த ‘சித்தி’ படத்தைப் பார்த்து அழாத தாய்மார்கள் தோட்டப்புறங்களிலும் பட்டணங்களிலும் குறைவு. பத்மினியின் நடிப்பும் பி.சுசீலா பாடிய தாலாட்டும் இன்றும் பலர் நினைவில் நிற்கின்றன. ஆனால் அந்தக் கதைக்கு மூலம் ‘தயாநிதி’ என்ற நாவல் என்பதும், அதை எழுதியவர் பள்ளிக்கூடப் படிப்பு இல்லாத ஒரு குடும்பப் பெண் என்பதும் பலருக்குத் தெரியாது. அவர்தான் வை.மு.கோதைநாயகி அம்மாள்.

சென்னை திருவல்லிக்கேணியில் 1901 டிசம்பர் 1-ஆம் நாள் பிறந்தவர் கோதைநாயகி. கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தார். பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். ஐந்தரை வயதில், 1907-இல், வை.மு.பார்த்தசாரதிக்கு மணமுடித்து வைத்தார்கள். பெயருக்கு முன்னால் இருக்கும் ‘வை.மு.’ புகுந்த வீட்டின் அடையாளம்.

அந்த வயதில் திருமணமான பெண்ணுக்குப் படிப்பு ஏது? பாசுரங்களும் கம்பராமாயணமும் காதால் கேட்டுப் பழகியவைதான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்வதில் அவருக்குத் தனி ஆசை. நாடகப் பிரியரான கணவர், மனைவியையும் நாடகம் பார்க்க அழைத்துப் போனார். மேடையில் பார்த்ததையும் மனத்தில் ஊறிய கதைகளையும் சேர்த்துத் தாமே ஒரு நாடகம் கட்டினார் கோதைநாயகி. ஆனால் அதைத் தாளில் இறக்கும் அளவுக்கு அவருக்கு எழுத வராது.

அப்போது கை கொடுத்தவர் பட்டம்மாள் என்ற தோழி. கோதைநாயகி சொல்லச் சொல்ல அவர் எழுதினார். இப்படிப் பிறந்த ‘இந்திர மோகனா’ 1924-இல் நூலாக வந்தது. பிறகு தோழியின் உதவியோடு தாமே எழுதவும் பழகிக்கொண்டார்.

அடுத்த ஆண்டே பெரிய பொறுப்பு ஒன்றைத் தலையில் ஏற்றிக்கொண்டார். நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ மாத இதழை 1925-இல் வாங்கி, தாமே ஆசிரியராக இருந்து நடத்தினார். அவருடைய ‘வைதேகி’ நாவல் அதில்தான் தொடராக வந்தது. வீட்டுப் பெண் பத்திரிகை நடத்துவதா, கதை எழுதுவதா என்று ஏச்சும் ஏளனமும் வந்தன. குடும்பப் பெண்கள் கதை படிப்பதையே குறையாகப் பேசிய காலம் அது. கணவர் பக்கத்தில் நின்றார். இதழ் வேலைகளையும் பகிர்ந்துகொண்டார். மாதம் தவறாமல் இதழுக்கு எழுதியாக வேண்டும். அந்த அவசரமே அவரை நிறைய எழுத வைத்தது. அவர் எழுதிய நாவல்களின் எண்ணிக்கை 115.

குழந்தை மணம், விதவைகளின் துயரம், வரதட்சணை, குடியால் சீரழியும் குடும்பம் என்று வீட்டுக்குள் நடப்பவைதான் அவர் கதைகளில் வந்தன. அதனால்தான் அந்த வீடுகளில் இருந்த பெண்களே அவருடைய வாசகர்களானார்கள். குடும்பப் பொறுப்பு அவருடைய நேரத்தை எடுத்துக்கொண்டது உண்மை. எழுதுவதற்கான விஷயத்தைக் கொடுத்ததும் அதே குடும்பம்தான்.

1925-இல் காந்தியடிகளைச் சந்தித்த பிறகு பட்டையும் நகைகளையும் விட்டுக் கதருக்கு மாறினார். மேடைப் பேச்சில் வல்லவர். நன்றாகப் பாடவும் கூடியவர். இளம் பாடகியாக இருந்த டி.கே.பட்டம்மாளைத் தேசபக்திப் பாடல்கள் பாட ஊக்குவித்தவர்களில் இவரும் ஒருவர். 1930-களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணி எதிர்ப்பிலும் இறங்கிச் சிறை சென்றார். வீட்டையும் இதழையும் விட்டு உள்ளே இருந்த நாட்களிலும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. உடனிருந்த கைதிகளின் கதைகள் அவருக்கு நாவலாயின.

அவருடைய ‘ராஜமோகன்’ 1937-இலும் ‘அநாதைப் பெண்’ 1938-இலும் திரைப்படங்களாயின. நாடு விடுதலை அடைந்த பிறகு, 1948-இல், காந்தியடிகளின் நினைவாகத் திருவல்லிக்கேணியில் மகாத்மாஜி சேவா சங்கத்தைத் தொடங்கி, ஏழைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தொண்டு செய்தார்.

இத்தனையையும் தாங்கிய அந்த மனம், ஓர் அடியை மட்டும் தாங்கவில்லை. 1956-இல் ஒரே மகன் சீனிவாசன் இறந்துபோனார். ஏச்சுக்கும் சிறைக்கும் கலங்காதவர் அதில் ஒடிந்துபோனார். எழுத்தும் ஓய்ந்தது, உடலும் தளர்ந்தது. காசநோய்க்கு ஆளாகி 1960 பிப்ரவரி 20-ஆம் நாள் காலமானார். ‘சித்தி’ திரைக்கு வந்ததைப் பார்க்க அவர் இல்லை.

வேலை, சமையல், பிள்ளைகளின் படிப்பு என்று ஓடும் நம் வீடுகளிலும் எழுத ஆசைப்படும் பெண்கள் இருக்கிறார்கள். கோதைநாயகி அம்மாளின் திறமை அவருடையது. ஆனால் அது வெளியே வர ஒரு தோழியின் கையெழுத்தும் ஒரு கணவரின் துணையும் வேண்டியிருந்தன. பள்ளிக்கூடம் தராததை அந்த இரண்டு பேர் தந்தார்கள்.