உப்புத் தண்ணீரின் ரகசியம் சொன்னவர்!

குழந்தைகளே... காய்ந்த உப்பில் மின்சாரம் பாயாது. சுத்தமான தண்ணீரிலும் மிக மிகக் குறைவாகத்தான் பாயும். ஆனால், உப்பைத் தண்ணீரில் கரைத்து விட்டால், நன்றாகப் பாயும்! சர்க்கரையைக் கரைத்தால் அப்படிப் பாய்வதில்லை. உப்புக்கு மட்டும் ஏன் இந்தக் குணம்?

இதற்கு விடை சொன்னவர், ஸ்வாந்தே அர்ரேனியஸ்.

சுவீடன் நாட்டில், உப்சாலா நகருக்கு அருகே, 1859 பிப்ரவரி 19ல் பிறந்தார். ஊர்ப் பெயரிலேயே, 'உப்' இருப்பதைப் பார்த்தீர்களா! மூன்று வயதிலேயே தானாகப் படிக்கக் கற்றுக் கொண்டார். தந்தை கணக்கு எழுதுவதைப் பார்த்தே, கணக்கும் பழகினார்.

உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்வது குறித்து, 150 பக்க ஆய்வேடு எழுதி, 1884ல், உப்சாலா பல்கலைக்கழகத்தில் கொடுத்தார். பேராசிரியர்கள் அதை மதிக்கவில்லை. கிடைத்தது, நான்காம் தரம் தான். அந்தத் தரத்துக்கு, ஆசிரியர் வேலை கிடைப்பதே கடினம்.

அவர் சோர்ந்து விடவில்லை. ஆய்வேட்டின் பிரதிகளை வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்கு அனுப்பினார். அதைப் படித்து வியந்த ஆஸ்ட்வால்ட் என்ற பேராசிரியர், ரிகா நகரிலிருந்து அவரைத் தேடி உப்சாலாவுக்கே வந்தார். தன்னிடம் வேலைக்கும் அழைத்தார். அதன்பின் தான், உப்சாலாவிலும் அவருக்கு விரிவுரையாளர் பதவி கிடைத்தது.

உப்பு கரையும்போது, மின்னூட்டம் கொண்ட துகள்களாகப் பிரிகிறது என்று, 1887ல் தெளிவாக விளக்கினார். அவை தான் அயனிகள். மின்சாரத்தைச் சுமந்து செல்பவையும் அவையே. சர்க்கரை அப்படிப் பிரிவதில்லை.

பலர் நம்பவில்லை. சோடியம், தண்ணீர் பட்டாலே சீறும். குளோரினோ விஷ வாயு. இரண்டும் உப்புத் தண்ணீரில் எப்படிச் சாதுவாக இருக்கும் என்று கேட்டனர். மின்னூட்டம் பெற்றதும் அவற்றின் குணமே மாறி விடும் என்பது தான் பதில். 1897ல் எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டதும், அவரது கருத்து வலுப்பெற்றது.

நான்காம் தரம் வாங்கிய அதே கருத்துக்காக, 1903ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நோபல் பரிசு பெற்ற முதல் சுவீடன்காரர் அவரே. 1927 அக்டோபர் 2ல் மறைந்தார்.

வயிற்றுப்போக்கின்போது, உப்பு - சர்க்கரைக் கரைசல் கொடுப்பர் அல்லவா? உடல் இழந்த நீரோடு, அயனிகளையும் ஈடுசெய்யத்தான். குழாய்த் தண்ணீரிலும் உப்புகள் கரைந்துள்ளன. அதனால், ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீர்கள்!

மதிப்பெண் குறைந்தால் மனம் உடையாதீர்கள், செல்லங்களே. செய்த வேலையில் உண்மை இருந்தால், உலகம் ஒருநாள் தேடி வரும்.