மொழிப்போரில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்

1938 ஆகஸ்டு முதல் நாள் திருச்சி உறையூரிலிருந்து இந்தி எதிர்ப்புத் தமிழர் படை சென்னை நோக்கிப் புறப்பட்டது. ஏறத்தாழ நூறு பேர் கொண்ட அப்படையில் நடந்த ஒரே பெண், ஐம்பத்தைந்து வயதினரான மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். நாற்பத்திரண்டு நாள் நடைக்குப்பின் செப்டம்பர் 11 அன்று படை சென்னையை அடைந்தது. மொழிப்போர் வரலாறுகள் பெரும்பாலும் இச்செய்தியோடு அவரைக் கடந்துவிடுகின்றன. படையில் பெண்ணொருத்தி என்பதே வியப்பாக நின்றுவிட, அவர் அங்கு வந்துசேர்ந்த வழி மறைந்துபோகிறது.

அவ்வழி இசைவேளாளர் குடியில் தொடங்குகிறது. 1883இல் பிறந்த அவர், வறுமையால் சிறுவயதிலேயே தேவதாசி ஒருவரிடம் விற்கப்பட்டு ஆடலும் பாடலும் பயின்றார். பின்னர்த் தமக்கு இசை கற்பித்த சுயம்புப் பிள்ளையை மணந்தார். தேவதாசி முறை ஒழிப்பே அவருடைய முதற்போர். காங்கிரசில் தொண்டாற்றிய காலத்திலும், பெரியாரைப் பின்பற்றிச் சுயமரியாதை இயக்கத்திற்கு வந்தபின்னும் அதனை அவர் கைவிடவில்லை. சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டி தொடுத்த வாதத்தை, அம்மரபின் உள்ளிருந்தே அறிந்தவரின் குரலில் தொடர்ந்தது, 1936இல் வெளிவந்த அவருடைய ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் நாவல்.

மொழிப்போர் மேடைகளில் பெண் தமிழ்த்தாயின் உருவாகவும் மைந்தரைக் களத்திற்கு அனுப்பும் வீரத்தாயாகவும் போற்றப்பட்டாள். குடும்பப்பெண் என்னும் தகுதியே மறுக்கப்பட்ட மரபில் வளர்ந்த ஒருவர், தாமே களம் புகுந்து தமிழரின் பெயரால் பேசியது அவ்வுருவகத்துள் அடங்குவதன்று. இயக்கம் அவருக்கு மேடை தந்தது உண்மை. ஆனால் பேச வேண்டிய பொருளை அவர் முன்னரே கொண்டிருந்தார்.

1938 நவம்பர் 13 அன்று மறைமலையடிகளின் மகளார் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு, ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் என்னும் பட்டத்தை வழங்கியமைக்காகவே இன்று நினைக்கப்படுகிறது. அதற்கு மறுநாள் மறியல் செய்து சிறை புகுந்த தருமாம்பாள், இராமாமிர்தம் முதலிய பெண்கள் அந்நினைவில் பின்தள்ளப்பட்டனர். அம்மையார் பெற்றது ஆறு வாரச் சிறை.

தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல் நிறைவேறியது. 1949இல் பெரியாரின் திருமணத்தை ஏற்காமல் பிரிந்து திராவிட முன்னேற்றக் கழகத்தில் சேர்ந்த அம்மையார், 1962 சூன் 27 அன்று மறைந்தார். 1989இல் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டத்திற்கு அவர் பெயரைச் சூட்டியது. 2022இல் அத்திட்டம் மாணவியரின் உயர்கல்விக்கான உதவியாக மாற்றப்பட்டது, பெயர் அவருடையதே.